சமதரையில் ஊற்றிய தண்ணீர்

ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மூடியைக் கழற்று, வாளியைச் சரி, வழிந்ததும் மூடு. சின்னப் பிள்ளைகூடச் செய்யுமே என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் பழைய டீசல் ஜீப்பை மலைப்பாதையில் ஓட்டிப் பிழைத்தவர்கள் இல்லை. பாதி ஏற்றத்தில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அது எப்போது ஆறும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

டிரைவரக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். மலையின் நடுத்திருப்பத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் இரண்டு அறை வீடு, கொட்டகைக்குள் கணவன் விட்டுப்போன ஜீப். கீழே டவுன், மேலே குடியிருப்பும் ஒரு செல்போன் டவரும். மழைக்காலத்தில் வேறு எந்த வண்டியும் மேலே ஏறாது. அதனால் தபால், மருந்து, காஸ் சிலிண்டர், டவரில் வேலை பார்ப்பவர்கள், தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிற மருமகள்கள், சமாதானமாகித் திரும்பி வருகிற மருமகள்கள், எல்லோரும் அவள் வண்டியில்தான் ஏறியாக வேண்டும்.

அந்த வண்டியை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது மட்டும்தான் ரேடியேட்டர் மூடியில் கை வைப்பாள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பிசைந்து பார்ப்பாள். ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலும் தப்பு, கூழாகத் தளர்ந்திருந்தாலும் தப்பு. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்துவாள். வாட்டர் பம்புக்கு அடியில் ஈரம் கசிகிறதா என்று அட்டையை விரித்துப் படுத்துப் பார்ப்பாள். ரேடியேட்டரின் மூஞ்சியில் அப்பிய பூச்சியையும் சேற்றையும் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுவாள். முன்பக்கத்திலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போகும். வருடத்துக்கு ஒரு தரம் பழைய கூலன்ட்டை, அதாவது மருந்து கலந்த தண்ணீரை, முழுக்க இறக்கி, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை அலசி, புதுசு ஊற்றுவாள். சூடேறினால் மட்டும் திறக்கிற தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் வண்டி சூடே ஏறாது என்று அளக்கிற மெக்கானிக்குகளைக் கொட்டகைப் பக்கமே சேர்ப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் ஒரே ஒரு காரியத்தை மட்டும் தப்பாகச் செய்தாள். தண்ணீரை எப்போதும் சமதரையில் நிறுத்தித்தான் ஊற்றினாள்.

அந்த ஜீப்பில் ஹீட்டர் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில், இடப்பக்க சீட்டின் கால்மாட்டில் இருக்கிறது. ரேடியேட்டரின் வாயைவிட அது ஒரு கை உயரம் கூடுதல். சமதரையில் ஊற்றினால் ரேடியேட்டர் நிரம்பி வழியும், ஆனால் ஹீட்டருக்குள் காற்று அகப்பட்டுக்கொள்ளும். வண்டியின் மூக்கை மேடு பார்த்து நிறுத்தி, ஹீட்டர் குழாயில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு ஊற்றினால்தான் காற்று முழுக்க வெளியே வரும். கொட்டகை வாசலிலேயே அதற்குத் தோதான மேடு இருந்தது. அவள் கணவன் வருடக்கணக்காக அந்த மேட்டில்தான் ஊற்றினான். அவள் கொட்டகைக்குள் வைத்து ஊற்றினாள். சொல்லிப் பார்த்தவர்களிடம், "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளேயே வைத்து ஊற்றினாள். பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் வேறு.

அவள் கணவன் அதிகம் பேசாத மனுஷன். பேசுவதற்கு முன்னால் இரண்டு தரம் கனைப்பான். ஒரு கனைப்பு, சின்ன இடைவெளி, இன்னொரு கனைப்பு, அதற்குப் பிறகுதான் வார்த்தை வரும். அந்த இடைவெளிக்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும் என்று அவள் கேலி செய்வாள். சண்டை என்று வந்தால் அவள் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்ப்பாள். அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, கடைசியில் கனைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்வான். அதோடு சண்டை முடிந்துவிடும். அது நியாயமான வாக்கியமாக இருக்கும், அல்லது சிரிப்பு மூட்டுகிற வாக்கியமாக இருக்கும். எப்படியிருந்தாலும் அதைக் கேட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டாள். டிரைவிங் கற்றுக்கொண்டதுகூட அப்படி ஒரு சண்டையில்தான். "நீ ஓட்டக் கத்துக்கிட்டா நான் திரும்பி வரப்போ தூங்கலாம்ல" என்றான் அவன். அவள் சிரித்துக்கொண்டே போய்க் கற்றுக்கொண்டாள்.

அவனுக்கு நெஞ்சு வலித்தது ஒரு வாரமாகவாம். அவளிடம் மூச்சுகூட விடவில்லை. ஒருநாள் காலையில் ஜாக்கியின் கைப்பிடியைத் தூக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியே மழை. அவனைக் கைத்தாங்கலாக நடத்திப்போய் இடப்பக்க சீட்டில் உட்கார வைத்து, சால்வையைச் சுற்றி, ஹீட்டரைப் போட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை இறக்கினாள்.

பயந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அவளுடைய வாகே அப்படி. பாதி வழி வாயை மூடிக்கொண்டு வந்தவள், அதற்கு மேல் முடியாமல் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வாரமா வலிய வெச்சுக்கிட்டு ஊமை மாதிரி இருந்திருக்கீங்களே, நான் என்ன மரமா, மட்டையா, எங்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சா போயிடும் என்று கேட்டாள். வைப்பருக்குப் பின்னால் பாதை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கடைசியில், எந்தப் பெண்ணும் கோபத்தில் ஒருநாள் சொல்லிவிடுகிற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"உங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தக் கண்டேன்?"

பாலத்து வளைவு அது. பாதை சட்டென்று செங்குத்தாக இறங்கி, ஓடைப் பாலத்தில் திரும்பும். அந்த இடத்தில் பக்கத்தில் கனைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இடைவெளி, இன்னொன்று. பதில் சொல்லப் போகிறான். அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வளைவு முடிந்தது, அடுத்த வளைவும் முடிந்தது. யோசிக்கிறான் என்று நினைத்தாள். டவுன் கூரைகள் மழைக்குள் தெரிய ஆரம்பித்தன. "சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அவன் கண்ணாடியில் சாய்ந்தபடி இருந்தான். வழியிலேயே முடிந்துவிட்டது, கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவள் மனசுக்குள் அவன் உயிர் போன இடம் பாலத்து வளைவு என்று எழுதாமலே பதிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வயிற்றுப்பாட்டுக்கு அவளே வண்டியை எடுத்தாள். முதல் நடை டவுனுக்கு இறங்கியபோது பின்னால் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டு காலி. பாலத்து வளைவில் காலி சீட்டின் கால்மாட்டிலிருந்து அந்தக் கனைப்பு கேட்டது. ஒன்று, இடைவெளி, இன்னொன்று.

உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். "என்னக்கா, பூனை குறுக்கால வந்துச்சா?" என்று கேட்டார் தபால்காரர். அவள் கியரை மாற்றி வண்டியை மறுபடி நகர்த்தினாள். கேட்டது ஹீட்டருக்குள் காற்று உருளுகிற சத்தம் என்று அடுத்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் வேலை தெரிந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? அறிவு ஒரு பக்கம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம், அன்றைக்குப் பாதியில் நின்ற பதிலை அவன் திரும்ப ஆரம்பிக்கிறான் என்று அடிவயிறு நம்பியது. அடிவயிறு நம்புவதை அறிவு என்ன செய்துவிட முடியும்?

ஒவ்வொரு இறக்கத்திலும் அந்த வளைவில் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கனைப்பு வரும். காத்திருப்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. முன்சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை, பின்னால் மூட்டையோடு நெரிபட்டு வருகிறவர்கள், "அந்த சீட்டு யாருக்குக்கா ரிசர்வேஷன்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். அவள் முறைத்த முறைப்பில் கேள்வி அடங்கிவிட்டது. பிறகு அவர்களுக்கும் அரைகுறையாக ஏதோ புரிந்தது போல. வளைவு வரும்போது அவர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் கூலன்ட் மாற்றும்போது ஒரு தவறு நேர்ந்தது. கொட்டகைக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் வண்டியை வாசல் மேட்டில் நிறுத்தி ஊற்றிவிட்டாள். மூக்கு மேலே பார்த்ததும், திருகைத் தொடாமலே, கனைக்கிற அளவுக்கு இருந்த காற்றெல்லாம் ரேடியேட்டர் வாய் வழியாகக் குமிழ் குமிழாகப் போய்விட்டது. மறுநாள் பாலத்து வளைவில் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஹீட்டர் அனலாகக் காற்றை ஊதியது, சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது, வண்டி அவ்வளவு ஒழுங்காக ஓடி அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் அவள் விதவை ஆனதுபோல அழுதாள். பொழுது விடிந்ததும் புது கூலன்ட்டை அத்தனையும் தொட்டியில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகைக்குள் சமதரைக்குத் தள்ளி, அதே கூலன்ட்டைத் திரும்ப ஊற்றினாள். வேண்டுமென்றேதான் தப்பாக ஊற்றினாள். மத்தியான நடையில் கனைப்பு திரும்பி வந்தது. வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

காற்று உள்ளே இருந்தால் சும்மா இருக்காது. ஏற்றத்தில் எஞ்சினின் தலைப்பக்கம் போய் நிற்கும். தண்ணீர் தொடாத இடம் பழுக்கும். சூட்டைக் காட்டுகிற முள் சட்டென்று மேலே துள்ளும், அடுத்த நொடி ஜில்லென்று கீழே விழுந்துவிடும். புதிதாய்ப் பார்ப்பவர்கள் அப்பாடா, ஆறிவிட்டது என்பார்கள். ஆறவில்லை, முள்ளை அசைக்கிற சென்சாரின் மூக்கு தண்ணீரில் இல்லாமல் காற்றில் இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். அவளுடைய முள் அடிக்கடி அப்படி விழ ஆரம்பித்திருந்தது. டவுனில் பட்டறை வைத்திருந்த அவள் கொழுந்தன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஹெட்டு விரிசல் விட்டுச்சுன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும் அண்ணி. அப்புறம் மேல இருக்கறவங்க முதுகுலதான் சிலிண்டரத் தூக்கிட்டுப் போகணும்." அவளுக்கும் தெரியும். பார்க்கலாம் தம்பி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் வந்தது குளிரோடு. மேல் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு மாசம் நிறையாமலே குழந்தை பிறந்துவிட்டது. அங்கேயே தங்கி வேலை பார்க்கிற நர்சம்மா போன் செய்தாள். டிரைவரக்கா வண்டியை விரட்டிக்கொண்டு ஏறினாள். குழந்தையின் தாயைப் பின்சீட்டில் படுக்க வைத்ததும், அவளுடைய அம்மா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சம்மா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல டிரைவரக்காவுக்கு வாய் வரவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் அந்தக் குழந்தையை வேறு எங்கே வைப்பது?

இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் நர்சம்மா திரும்பினாள்.

"அக்கா, ஹீட்டரப் போடுங்களேன்."

"போட்டுதான் இருக்கு."

நர்சம்மா காற்று வருகிற துளையில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி வருதே."

வராமல் என்ன செய்யும்? வண்டி மூக்கைக் கீழே சாய்த்து இறங்க இறங்க, காற்று முழுக்க ஹீட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சுடுதண்ணீர் அதற்குள் நுழைய இடமில்லை. நர்சம்மா வேறு எதுவும் கேட்காமல் ஹீட்டரை அணைத்தாள். ஸ்வெட்டரையும் சட்டையையும் திறந்து குழந்தையைத் தன் வெறும் நெஞ்சோடு சேர்த்து மூடினாள். அதன் விரல்கள் நீலம் பாரித்திருந்ததை டிரைவரக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பின்சீட்டிலிருந்து, "எம்புள்ள அழலையே, ஏன் அழமாட்டேங்குது?" என்ற குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பாலத்து வளைவு வந்தது. நர்சம்மாவின் காலடியில் கனைப்பு கேட்டது.

"என்னக்கா சத்தம் அது?"

இத்தனை நாளில் யாரும் டிரைவரக்காவை நேருக்கு நேர் கேட்டதில்லை. "காத்து" என்றாள். "உள்ள காத்து நிக்குது. அதான் சூடு வரல."

"எடுக்க முடியாதா?"

"முடியும்."

நர்சம்மா அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றியதும் வீல் என்று கத்தியது. தாயின் அம்மா டிரைவரக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ தெய்வம்போல வந்தாய் என்று அழுதாள். அந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்சம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "பாத்துப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். டிரைவரக்கா நேரே கொழுந்தனின் பட்டறைக்குப் போய், நாளைக்குக் காலையில் கொட்டகைக்கு வா, காற்றை எடுத்துவிடலாம் என்றாள்.

கொழுந்தன் புது ஹோஸ்களும் கிளிப்புகளும் கூலன்ட் கேனும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வெயில் வந்திருந்தது. வண்டியை வாசல் மேட்டில் மூக்கு மேலாக நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள். பழைய கூலன்ட்டை இறக்கினார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஹீட்டர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அங்கிருந்தபடியே பேசினான்.

"இந்த ஹோஸ் நான் போட்டதுதான் அண்ணி."

"எப்போ?"

"அண்ணனுக்கு முடியாம போச்சே, அதுக்கு முந்தின நாளு. நீங்க மேல குடியிருப்புக்குப் போயிருந்தீங்க. மழைல மேட்டுல நிறுத்த முடியல. அண்ணன் நின்னு பாத்துக்கிட்டு இருக்கறப்பவே சமதரைல வெச்சு ஊத்திட்டேன்."

அவள் கையில் வைத்திருந்த கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் டவுனுக்கு ஒரு நடை வந்தாரு. வந்து ஒரே சிரிப்பு. 'டேய், பாலத்து வளைவுல ஹீட்டருக்குள்ள எவனோ உக்காந்து கனைக்கறான்டா, அச்சு அசலா என் தொண்டை. உங்கண்ணிகிட்ட சொல்லிடாத. ஒருத்தன் கனைக்கறதுக்கே பொறுமை இல்லாம நிக்கறா, ரெண்டு பேரு கனைச்சா வீட்ட விட்டே போயிடுவா'ன்னாரு. நாளைக்குக் காத்த எடுத்துக்கலாம்னாரு." கொழுந்தன் கழற்றிய ஹோஸை வெளியே நீட்டினான். "அந்த நாளைக்கு எங்க வந்துச்சு?"

அவன் அண்ணனை நினைத்துக்கொண்டு சொன்னான். அவளுக்கு என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. அந்த வளைவில் என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லையே.

அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் கேட்டதும் இதேதான். அவன் கனைக்கவில்லை. பதில் சொல்ல அவன் வாயெடுக்கவே இல்லை. பாதியில் நின்ற வாக்கியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இத்தனை நாள் ஒரு ரப்பர் குழாயின் முன்னால் வாய்பொத்தி நின்றிருக்கிறாள். அது போகட்டும். பாலம்வரை அவன் உயிரோடு இருந்தான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கனைப்புதான். அது போய்விட்டால் அவன் எங்கே போனான்? பாலத்துக்கு முந்தின வளைவிலா, அதற்கும் முந்தினதிலா? நான் என்ன மரமா, மட்டையா என்று கேட்டபோது இருந்தானா? என்ன சுகத்தைக் கண்டேன் என்று கேட்டது யார் காதில் விழுந்தது? மரணம் பாலத்திலிருந்து கழன்று, பாதை நெடுக வளைவு வளைவாக மேலே ஏறி வருவதை நின்ற இடத்திலிருந்தே அவள் பார்த்தாள். பட்டப்பகலில் அவளுக்குக் குளிர் எடுத்தது.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நீ ஹோஸ மாட்டிட்டுப் போய் கொஞ்சம் உக்காரு. தண்ணிய நான் ஊத்திக்கறேன்."

அவன் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனான். அவள் ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து வைத்தாள். குழாயின் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். ரேடியேட்டர் வாயில் புனலை வைத்து, பச்சைக் கூலன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நிரம்பியதும் எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டாள். மேல் ஹோஸ் சூடேறி வால்வு திறந்ததும் மட்டம் மடமடவென்று இறங்கியது, மறுபடி ஊற்றினாள். திருகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குழாயை மெதுவாகப் பிசைந்தாள்.

முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு நுரை நுரையாகச் சளசளத்தது. நடுவில் ஒரு தரம், ஹீட்டரின் அடியில் தங்கியிருந்த ஒரு பெரிய குமிழ் புரண்டு எழுந்து அந்தச் சத்தத்தோடு வெளியே வந்தது. ஒன்று, இடைவெளி, இன்னொன்று. அவன் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவள் கை திருகை மூடப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கும், அது போதும், இப்போதே மூடிவிடலாம் என்று தோன்றியது. அவன் இல்லாத இடத்தில் அவன் மாதிரி ஒரு சத்தமாவது இருக்கட்டுமே. அப்போது நீலம் பாரித்த அந்தக் குட்டி விரல்கள் நினைவுக்கு வந்தன. கையை எடுத்துக்கொண்டாள். குழாயைப் பிசைந்துகொண்டே அழுதாள். நுரை குறைந்து, அறுபடாமல் பச்சை நீர் மட்டும் ஒழுகியது. திருகை இறுக்கினாள். முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது.

மத்தியானம் நர்சம்மாவை மேலே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அவளை அழைத்துவர டிரைவரக்கா தனியாக டவுனுக்கு இறங்கினாள். ஹீட்டர் சுடச்சுட ஊதியது. காலி சீட்டின்மேல் சூடு வீணாகப் போனது. பழக்கதோஷத்தில் வளைவுக்கு முன்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டாள். பாலம் வந்தது, போனது. எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

அந்த வெறுமைக்குள்தான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் ஒன்றும் பேசாமல் வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி முதல் வளைவு தாண்டுவதற்குள் அவள் நூறு தரம் அவன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சக்கரம் ஒரு தரம் பாதை ஓரத்துக்கே போய்விட்டது. அப்போது அவன் சொன்னான். கனைக்காமலே சொன்னான். கனைக்கிற அளவுக்கு அவனுக்கு மூச்சு இல்லை. அதனால்தானோ என்னவோ அவள் அதை ஒரு பேச்சாகவே கணக்கில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு பெரிதாக ஏதோ சொல்ல வந்தான் என்று நம்பியதில், சொன்னது மறந்தே போயிருந்தது.

"என்னையே பாக்காத. ரோட்டப் பாரு."

அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். அவளும் அப்படியேதான் செய்தாள். அதற்குப் பிறகு டவுன் வரைக்கும், திட்டியபோதும் சரி, பதிலுக்குக் காத்திருந்தபோதும் சரி, ஒரு தரம்கூடப் பக்கத்தில் திரும்பாமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.